லூர்து மாற்றிக்கொள்ள வந்த போத்தல்

நேற்று ஒரு பெண் வந்தாள். செனாவாங் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை, கையில் ஹெல்மெட், நகத்தில் ஊதாச் சாயம். சிரம்பானில் நான் மருந்து வாங்கும் அதே கிளினிக்கில், வாரத்தில் ஒருநாள் எனக்கு ஒரு சின்ன அறையும் ஒரு நாற்காலியும் கொடுத்திருக்கிறார்கள். தங்களுக்கு எச்.ஐ.வி. என்று புதிதாகத் தெரிந்துகொண்ட தமிழ் ஆட்களுக்கு, டாக்டர் சொன்ன சொற்களைத் தமிழில் பிரித்துச் சொல்வது என் வேலை. சம்பளம் கிடையாது, தேத்தண்ணி உண்டு. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு வைரல் லோடு என்று ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் போன்ல பாத்துட்டேன்லா அக்கா. டெய்லி ஒரு மாத்திர. ரத்தத்துல கிருமி தெரியாத அளவுக்குக் கொறஞ்சி அப்படியே நின்னுட்டா, கட்டிக்கப் போறவனுக்கும் ஒட்டாது. சரிதான?"

சரிதான். ஒரு எழுத்துத் தப்பில்லை. புதுப் போத்தலை என் எதிரிலேயே திறந்து, அதன் வாயில் அடைத்திருந்த பஞ்சை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டாள்.

எனக்கு வயிறு எரிந்தது. நீங்கள் என்ன வேற்றாளா, உங்களிடம் சொல்ல என்ன வெட்கம்? அவள் நூறு வயது இருக்கட்டும். ஆனால் ஒரே ஒரு மாத்திரையா? நாங்கள் கையளவு விழுங்கி, விழுங்கியதில் பாதியை வாசலில் கக்கி, மிச்சத்தை வைத்துக்கொண்டு உயிர் வாழ்ந்தவர்கள். கட்டிக்கப் போறவன் என்று சொல்லும்போது அவளுக்கு முகத்தில் ஒரு சிரிப்பு வேறு. கிளினிக்கில் அந்தச் சிரிப்பை நாங்கள் பார்த்ததே இல்லை. போகட்டும். பொறாமை எனக்குப் புதிதில்லை. குப்பையில் கிடந்த பஞ்சிலிருந்து அந்த மருந்து வாசனை, கொஞ்சம் கசப்பும் கொஞ்சம் சுண்ணாம்புமாக, எழுந்து வந்தது. என் பழைய சிநேகிதி லூர்துமேரியின் கைப்பை எப்போதும் அப்படித்தான் மணக்கும்.

அவளோடு பழகிய அந்தக் காலத்தில் நான் கோலா கிளாவாங் போகும் சாலையில் உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தேன். வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். நோயைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிட்டு அவர் போய்ச் சேர்ந்தார். மகள் ஐந்தாம் வகுப்பு. அவளுக்கு என்னை விட்டால் நாதி கிடையாது. அவள் படித்து முடிக்கும்வரை நான் உயிரோடு இருக்க வேண்டும், அதற்கு மேல் ஒருநாள்கூட வேண்டாம் என்று மாரியம்மனிடம் பேரம் பேசிக்கொண்டிருந்த காலம்.

லூர்து தெமியாங்கில் தனியாக இருந்தாள். என் வயதுதான். அவளுக்கும் புருஷன் போய்விட்டான், பிள்ளை இல்லை. கிளினிக் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கம். யாருக்கும் தெரியாமல் வைத்திருந்த ஒன்றை நாங்கள் இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் மட்டும் சத்தமாகப் பேசுவோம். அது எவ்வளவு பெரிய சுகம் என்பது இப்போதுதான் தெரிகிறது.

ஒருநாள் நர்ஸ் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மிஸி என்றுதான் கூப்பிடுவோம், நல்ல தமிழ்க்காரம்மா. மருந்து ஆராய்ச்சி ஒன்று வருகிறது, சேர்கிறீர்களா என்று கேட்டார். ஒரு பாதி ஆட்களுக்கு இப்போது கொடுக்கும் மருந்து, மறு பாதிக்குப் புது மருந்து. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். யாருக்கு எது என்று உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது, கம்ப்யூட்டர் பிரித்துக் கொடுத்துவிடும். இதைச் சொல்லி முடிப்பதற்குள் மிஸிக்கு வியர்த்துவிட்டது.

"அப்ப செல பேருக்கு வெறும் மாவு உருண்டையா மிஸி?" என்றாள் லூர்து.

"இல்லம்மா. வெறும் மாத்திர யாருக்கும் கெடையாது. ரெண்டுமே மருந்துதான். எது மேலுன்னு பாக்கறதுக்குத்தான் இது."

"அப்ப கூட்டுக் குலுக்கற மாதிரின்னு சொல்லுங்க."

மிஸியின் முகம் மலர்ந்துவிட்டது. "அதேதாம்மா! கூட்டுதான்."

உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் பெண்கள் கூட்டுப் பிடிப்போம். மாதாமாதம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, பெயர்களைச் சீட்டில் எழுதி மைலோ டின்னில் குலுக்கி, வந்த பெயருக்கு மொத்தத்தையும் கொடுத்துவிடுவது. இதில் ஒரு வழக்கம் உண்டு. உனக்குச் சீட்டு விழுந்திருக்கும், ஆனால் பக்கத்து வீட்டுக்காரிக்குப் பிள்ளைப்பேறு, ஆஸ்பத்திரி என்று அவசரம் இருக்கும். நீ உன் முறையை அவளுக்கு விட்டுக்கொடுத்து அவள் முறையை வாங்கிக்கொள்வாய். கூட்டு நடத்துகிறவளிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். உதவி என்றுகூட அதை யாரும் நினைக்கமாட்டார்கள். மிஸி டவுனில் பிறந்து வளர்ந்தவர். இந்த வழக்கம் அவருக்குத் தெரியாது.

எண் ஒட்டிய வெள்ளைப் போத்தல்கள் வந்தன. எனக்குத் தலை சுற்றியது, சோறு இறங்கவில்லை, கண்ணை மூடினால் கனவில் யாராவது துரத்தினார்கள். கோலா கிளாவாங் பஸ் ஒவ்வொரு வளைவிலும் திரும்பும்போது நான் பிளாஸ்டிக் பையைப் பிடித்துக்கொண்டிருப்பேன். டாக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் பெயரை வெட்டிவிடுவார்களோ என்று பயம்.

லூர்துவோ ஊறப்போட்ட கடலை மாதிரி ஆகிக்கொண்டு வந்தாள். கன்னம் உப்பியது. முடி அடர்ந்தது. ரவிக்கையைப் பிரித்துத் தைத்தாள், அதையும் என்னிடமே வந்து சொன்னாள். பஸ் ஸ்டேஷன் கடையில் அவள் மீ கோரேங் என்ற வறுத்த நூடுல்ஸை மிளகாய்ச் சம்பலோடு வழித்துச் சாப்பிடுவதை நான் எதிரில் உட்கார்ந்து பார்ப்பேன். ரத்தத்தில் சிடி ஃபோர் என்று ஒன்று எண்ணுவார்களே, உடம்பைக் காவல் காக்கும் ஜாகாக்காரர்கள் எத்தனை பேர் என்று, அதில் அவளுக்கு ஏறிக்கொண்டே போனது. எனக்கு நொண்டிக்கொண்டு நின்றது. புது மருந்து அவளுக்குத்தான் விழுந்திருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். பிள்ளைகுட்டி இல்லாதவளுக்குக் கொடுத்து எனக்கு இல்லையென்றுவிட்டதே தெய்வம் என்று அழுதேன். அவளுடைய மாதா கெட்டிக்காரி, எங்கள் மாரியம்மன் தூங்கிவிட்டாள் என்றுகூடத் தோன்றியது. பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்வதை நிறுத்தினேன். தூர உட்கார்ந்து அவள் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு எல்லாம் புரிந்துதான் இருந்தது. ஒருநாள் கிளினிக் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"மூஞ்ச ஏன்டி தூக்கி வச்சிருக்க? எனக்கு நல்லது விழுந்திருச்சின்னுதான?"

பஸ் வருகிறதா என்று நான் சாலையைப் பார்த்தேன்.

"ஒனக்குப் புள்ள இருக்கு. நான் ஒண்டிக்கட்ட, இருந்து என்னாத்த வெட்டி முறிக்கப் போறேன்? என் நம்பர நீ எடுத்துக்க. ஒன்னோடத எங்கிட்டக் குடு."

கைப்பையிலிருந்து போத்தலை எடுத்து நீட்டினாள். வேண்டாம் என்று என் வாயில் வரவில்லை. எனக்கு அது வேண்டும். அவ்வளவு ஆசையாக வாழ்க்கையில் வேறு எதையும் நான் பார்த்ததில்லை. அழுதுகொண்டே கையை நீட்டினேன்.

லூர்து சட்டென்று போத்தலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "இரு இரு. மிஸிகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுத்தான் மாத்தணும். அதான மொற."

திரும்பிப் போனோம். லூர்து போத்தலை மேசைமேல் வைத்து, கல்யாணத்துக்கு மொய் எழுத வந்தவளைப்போல நிமிர்ந்து நின்று சொன்னாள். "மிஸி, என் கூட்ட இவளுக்கு விட்டுக் குடுத்துட்டேன்."

மிஸி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கூட்டு வழக்கத்தை நாங்கள் அவருக்குச் சொல்ல, அவர் எங்களுக்குச் சொன்னார். இதில் முறை மாற்றக் கூடாது, ஒருத்திக்குக் கொடுத்ததை இன்னொருத்தி தின்றால் இரண்டு உயிருக்கும் ஆபத்து. "தப்பு என்னோடதுதாம்மா, கூட்டுன்னு நான்தான தலையாட்டினேன்" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "ஏம்மா, ஒனக்கு என்னா செய்யுது?" என்று கேட்டார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பெயரை யாரும் வெட்டவில்லை. பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் நீ வெளியே வரலாம், அப்போதும் கிளினிக் மருந்து நிற்காது என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. டாக்டர் பார்த்தார். மாத்திரையைப் படுக்கும் நேரத்துக்கு மாற்றினார்கள். மெதுவாகக் கனவு விட்டது, சோறு இறங்கியது.

ஆராய்ச்சி முடிந்ததும் யாருக்கு எது என்று சொன்னார்கள். புது மருந்து எனக்கு. லூர்து தின்றது பழையது. பழைய மருந்தையா நான் அப்படிப் பார்த்துப் பார்த்துப் பொருமினேன்? லூர்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "ஒனக்கு எதக் குடுத்தாலும் அடுத்தவ தட்டுல உள்ளதுதான்டி பெருசாத் தெரியும்."

இப்போது அந்தத் தோட்டம் இல்லை, வீடமைப்புக்குப் போய்விட்டது. மிஸி ஓய்வு பெற்றார். நாங்கள் போன பஸ்ஸும் நின்றுபோயிற்று. மகள் படித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் ஆகிவிட்டது. மாரியம்மனிடம் பேசிய கெடுவைத் தாண்டி நான் இருந்துகொண்டிருக்கிறேன்.

லூர்து போன வருடம் போய்விட்டாள். மாரடைப்பு. எங்கள் நோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார்கள். தெமியாங் வீட்டுக்குப் போனேன். முன்பின் பார்த்திராத சனம். பெட்டிக்குப் பக்கத்தில் அவளுடைய தங்கை, "எங்கிட்ட எதையும் மறச்சதில்லையே எங்கக்கா" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அந்தத் தங்கைக்கு ஒன்றுமே தெரியாது. தெரிந்த ஒரே ஆள் நான், பின்வரிசைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். யாரோ ஒரு பெண் குனிந்து, "நீங்க யாரும்மா?" என்று கேட்டாள். பஸ்ஸில் பழக்கம் என்றேன். பஸ்ஸில் பழகியவள் எவ்வளவு அழலாமோ அவ்வளவுதான் அழ முடிந்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டு கிடந்த அந்தத் தங்கையைப் பார்த்து எனக்கு வந்த பொறாமை இருக்கிறதே, லூர்துவின் போத்தலைப் பார்த்துக்கூட எனக்கு அப்படி வந்ததில்லை.