அப்பாவும் ஏறும் பந்தய வண்டி

பட்டறையில் அவளை எல்லோரும் டார்ச் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எஞ்சினைத் திறந்தால் போதும், பேனா டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு தலையை உள்ளே விட்டுவிடுவாள். யார் என்ன கேட்டாலும் "ம்"தான் பதில். அவள் எஞ்சின் கட்டுவாள், தங்கை ஓட்டுவாள். வீட்டில் இருந்தது ஒரே வண்டி, எட்டு சிலிண்டர் பழைய கார். ஞாயிற்றுக்கிழமை அது பந்தயத் திடலில் ஓடும். வார நாட்களில், சிறுநீரகம் கைவிட்ட அப்பாவை டயாலிசிஸுக்கு ஏற்றிப்போகும்.

ஒரு பந்தயத்தில், திடீர் வேகம் தரும் நைட்ரஸ் வாயுவின் பொத்தானைத் தங்கை அழுத்திய மறுநொடி, மேனிஃபோல்டு வெடித்து பானெட் பறந்தது. காற்றும் பெட்ரோலும் கலந்து சிலிண்டர்களுக்குப் பிரிந்துபோகும் அலுமினியக் கூடுதான் மேனிஃபோல்டு. தீயை அணைக்கப் போன தங்கைக்கு வலது கை முழங்கை வரை வெந்துபோனது. அப்படியும் ஓட்டும் ஆசை அவளை விடவில்லை.

பட்டறை மேசையில் இப்போது இரண்டு மேனிஃபோல்டுகள் இருந்தன. ஒன்று இரண்டடுக்கு, வளைந்து நெளிந்த வழிகள். ஊருக்குள் வண்டி பூப்போல நகரும். வெடித்ததும் இதே ரகம்தான். மற்றது ஒரே அறை, நேரான குட்டை வழிகள். உச்ச வேகத்தில் பறக்கும். மெல்லப் போனால் உதறும்.

அக்கா இரண்டடுக்கில் சாயத் தண்ணீரை ஊற்றிக் கவிழ்த்துவிட்டு, டார்ச் அடித்துக் காட்டினாள். வளைவின் அடியில் தண்ணீர் தேங்கி நின்றது.

"பாரு. நைட்ரஸோட சேர்த்து விடற பெட்ரோல் இங்கதான் தேங்கியிருக்கு. அதுலதான் நெருப்பு பிடிச்சிருக்கு."

"அப்புறம் என்ன யோசனை? ஒத்தை அறையில தேங்காதே!"

"தேங்காது. அப்பாவை என்ன பண்றது?"

டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது சின்னக் குலுக்கலுக்கே அப்பாவுக்குக் குமட்டும், தலை சுற்றும்.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அப்பா, "என்னை வச்சு ஏம்மா மல்லுக்கட்டறீங்க? நான் பஸ்ல போயிக்கறேன். காலம் பூரா பஸ் ஓட்டினவன்தானே?" என்றார்.

"நீங்க சும்மா இருங்கப்பா!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

கடைசியில் அக்கா இரண்டடுக்கையே எடுத்தாள். ஆனால் எட்டு வழிகளிலும், வளைவு தாண்டி சிலிண்டர் வாயருகே துளை போட்டு, ஒவ்வொன்றிலும் பீய்ச்சியடிக்கும் ஒரு நாசில் பொருத்தினாள். நைட்ரஸும் அதற்கான பெட்ரோலும் அங்கேதான் உள்ளே நுழையும், தேங்க இடமில்லை. உச்ச வேகம் கொஞ்சம் அடிபடும் என்பதையும் அவள் மறைக்கவில்லை.

"நான் ஜெயிக்க மாட்டேன்னு சொல்றியா?"

"நீ முழுசா வீடு வந்து சேருவேன்னு சொல்றேன்."

அந்த ஆண்டு முழுக்கத் தங்கை இரண்டாவதாகவே வந்தாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். ஆனாலும் மறுநாளே அலுங்காமல் குலுங்காமல் அப்பாவைக் கூட்டிப்போவாள். திரும்பும்போது அவர் வாயைத் திறந்துகொண்டு தூங்குவார்.

அடுத்த ஆண்டு மழைக்காலம் ஓய்வதற்குள் அப்பா போய்விட்டார். காலையில் சவரம் செய்ய உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

பல வாரங்கள் வண்டியை யாரும் தொடவில்லை. பிறகு ஒருநாள் அக்காவே ஒற்றை அறை மேனிஃபோல்டைத் துடைத்து மேசைமேல் வைத்தாள்.

"போட்டுடலாமாக்கா?" தங்கை கேட்டாள்.

"இனிமே யாருக்காக வேணாம்னு சொல்றது?"

நாசில்களை அதற்கு மாற்றினார்கள். தழும்பேறிய கை போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தது.

அடுத்த பந்தயத்தில் தங்கை எல்லோரையும் முந்தினாள். இறங்கியவள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே தேம்பித் தேம்பி அழுதாள். அக்கா அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். கூட்டம் கலைந்ததும் தங்கை சாவியை நீட்டினாள்.

"இத்தனை வருஷமா எஞ்சின் கட்டறே. ஒரு நாளாவது இங்க ஓட்டியிருக்கியா?"

"எனக்கு எதுக்குடி?" என்றாலும் வாங்கிக்கொண்டாள். நைட்ரஸ் பாட்டிலைத் தன் கையாலேயே இறுக மூடிவிட்டு உட்கார்ந்தாள். கிளட்ச்சை விட்டதும் எஞ்சின் உதறி நின்றுபோனது. தங்கைக்குச் சிரிப்பு பீறிட்டது. அப்பா போன பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். "சிரிக்காதடி," என்று சொல்லிக்கொண்டே அக்கா மறுபடியும் சாவியைத் திருப்பினாள்.