கண்டியில் நிறுத்திய பாட்டு

எந்த மண்டபத்துக்குள் போனாலும் அதன் நடுவில் நின்று ஒரு தடவை பலமாகக் கைதட்டிப் பார்ப்பது என் பழக்கம். தட்டிய சத்தம் உடனே அடங்கினால் அங்கே பாடலாம். சுவரில் மோதித் திரும்பி வந்தால் கூட்டம் நடத்தலாம், பாட முடியாது. கண்டியில் எங்கள் சங்கீத சபைக்கு இருபது வருஷத்துக்கு மேல் செயலாளராக இருந்தேன். கண்டியிலும் மாத்தளையிலும் கம்பளையிலும் குருநாகலிலும் நான் கைதட்டாத மண்டபம் இல்லை. அதனால்தான் இந்த வருஷத் தொடக்கத்தில் ஓர் ஆசிரியை என் வீட்டைத் தேடி வந்தார். அவரும் சில நண்பர்களும் சேர்ந்து புதிதாக ஓர் இசைக்குழு ஆரம்பித்திருந்தார்கள். முதல் கச்சேரியை எந்த ஊரில் வைக்கலாம் என்று என்னிடம் கேட்கும்படி யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

கேட்டால் போதாதா? எனக்கு எழுபத்து மூன்று வயது. நான் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனேன்.

கம்பளையில் நாங்கள் எடுப்பது ஒரு பாடசாலை மண்டபம். தகரக் கூரை. மழை பெய்தால் வீணை வாசிப்பவரின் விரல் அசைவதுதான் தெரியும், வீணை கேட்காது. குருநாகலில் பக்கச் சுவர் இல்லாத மண்டபம். காற்று வரும், ஆனால் பாட்டும் அந்தக் காற்றோடு வெளியே போய்விடும். அந்த ஊர்ச் சூட்டில் மிருதங்கத் தோல் விறைத்துவிடுவதால், வாசிப்பவர் ஒவ்வொரு பாட்டுக்கும் கல்லையும் கட்டையையும் எடுத்துத் தட்டித் தட்டிச் சுருதி சேர்ப்பார். கண்டி மண்டபம் பெரியது. மெத்தைக் கதிரைகள், ஏசி, சிவப்புத் திரை எல்லாம் உண்டு. ஆனால் நாலு பக்கமும் சீமெந்துச் சுவர். பாடுகிறவர் விட்ட ஸ்வரம் கொஞ்சம் தாமதமாக அவர் காதுக்கே திரும்பி வரும். மாத்தளையில் ஒரு கோயிலின் கல்யாண மண்டபம் இருக்கிறது. ஓட்டுக் கூரை, மர உத்திரம். சமையல்கட்டுப் பக்கமிருந்து சாம்பார் வாசனை வரும். நூற்றிருபது பேருக்கு மேல் உட்கார முடியாது. அங்கே மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் குரல் கேட்கும்.

"அப்ப மாத்தளைதானே நல்லது, சேர்?" என்றார் ஆசிரியை.

"பாட்டுக்கு மாத்தளைதான்."

"பிறகு ஏன் சபைக் கச்சேரியெல்லாம் கண்டியிலயே வச்சீங்க?"

வசதி, போக்குவரத்து என்று ஏதோ சொன்னேன். உண்மை வேறு. கண்டி மண்டபத்தில், பிரதம அதிதியாக வரும் பெரிய மனிதரின் வாகனம் படிக்கட்டு வரைக்கும் வரும். மாத்தளையில் அவர் கோயில் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஒரு சந்து வழியாக நடக்க வேண்டும். கைதட்டிப் பார்த்தது காதுக்காகத்தான். ஆனால் மண்டபத்தைத் தேர்ந்தெடுத்தது அந்தப் படிக்கட்டைப் பார்த்துத்தான்.

போகும்போது அவர் வாசலில் நின்று சொன்னார். "உங்க தங்கச்சியைப் பாடச் சொல்லிக் கேக்கலாம்னுதான் மொதல்ல நெனச்சோம், சேர். ஆனா அவங்களுக்குத் தொண்டை கெட்டுப் போச்சுன்னு சொல்றாங்களே. பாவம்."

நான் "ம்" என்றேன்.

அந்த "ம்" என்னை மூன்று நாள் தூங்க விடவில்லை. ஏனென்றால் என் தங்கையின் தொண்டைக்கு ஒருபோதும் ஒன்றும் வந்ததில்லை. தொண்டை கெட்டுவிட்டது என்று ஊருக்குச் சொன்னவன் நான்.

எங்கள் அப்பா ஹுன்னஸ்கிரியப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். பிறகு நாங்கள் கண்டிக்கு வந்தோம். நான் படித்து ஆசிரியனாகி அதிபரானேன். அவள் பாட்டுப் படித்தாள். தாழ்ந்த குரல், நாலு கட்டைச் சுருதி. மேல் ஸ்தாயியில் போய் நின்று கைதட்டல் வாங்கும் குரல் அல்ல. கீழே இறங்கி மெதுவாகத் தேடித் தேடிப் பாடும் குரல். மாத்தளை மண்டபத்தில் அவள் இரண்டு தடவை பாடியிருக்கிறாள். பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையில் சோற்றோடு வந்து வாசலில் நின்று கேட்டதை நானே பார்த்தேன்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் சபையின் ஆண்டு விழாவுக்கு அவளையே பாடச் சொன்னோம். "மாத்தளையில வைங்கண்ணே. கண்டியில என் சத்தமே என்னை விரட்டிக்கிட்டு வருது" என்றாள். நான் கேட்கவில்லை. பெரிய பதவியிலிருந்த ஒருவர் வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். அவரைச் சந்துக்குள் நடக்க வைக்க எனக்கு மனமில்லை.

எங்கள் பக்கத்துச் சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. பிரதம அதிதி எப்போது வந்தாலும், மேடையில் எது நடந்துகொண்டிருந்தாலும், அது நிற்கும். வாசலில் காத்திருக்கும் நாதஸ்வரக்காரர்கள் ஊதத் தொடங்குவார்கள். மாலை, மறுபடியும் விளக்கேற்றல், பொன்னாடை, உரை. பிறகு நின்ற இடத்திலிருந்து பாட்டுத் தொடரும் என்று எல்லோரும் பாவனை செய்வோம். இதை மரியாதை என்று சொல்லிக்கொண்டோம்.

ஐந்து மணிக்கு வர வேண்டியவர் ஆறே காலுக்கு வந்தார். அவள் அப்போது தோடி ராகத்தில் ஆலாபனை பாடிக்கொண்டிருந்தாள். அந்தச் சீமெந்துச் சுவர்களையும் மீறி, ஒருமாதிரி மண்டபத்தைத் தன் குரலுக்குப் பழக்கிவிட்டிருந்தாள். கண் மூடியிருந்தது. வாசலில் வேறொரு சுருதியில் நாதஸ்வரம் எழுந்தது. வயலின்காரர் வில்லைக் கீழே வைத்துவிட்டார். அவள் மட்டும் நிறுத்தவில்லை. நான் மேடைக்கு ஏறிக் குனிந்து அவள் வாய்க்கு முன்னாலிருந்த மைக்கை எடுத்தேன்.

"இன்னும் ஒரு நிமிசம்ணே" என்றாள். அது மைக்கில் விழுந்து மண்டபம் முழுக்கக் கேட்டது. சிலர் சிரித்தார்கள்.

"பிறகு பாடலாம்" என்று சொல்லிவிட்டு நான் அதிதியைப் பார்த்துச் சிரித்தேன்.

முக்கால் மணி நேரம் அவள் மேடையிலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் தலைக்கு மேலாகப் பொன்னாடைகள் கைமாறின. உரையில் அதிதி என் பெயரை மூன்று தடவை சொன்னார். அவர் போனபோது படம் எடுக்கப் பாதி மண்டபம் அவர் பின்னால் போயிற்று. அவள் தோடிக்குத் திரும்பவில்லை. இரண்டு வரி மங்களம் பாடிவிட்டு இறங்கிவிட்டாள்.

ஏன் இவ்வளவு சீக்கிரம் முடிந்தது என்று நாலைந்து பேர் கேட்டார்கள். "தொண்டை சரியில்ல" என்றேன். வாயில் வந்த முதல் வார்த்தை அதுதான். அங்கேயே விட்டிருக்கலாம். பத்திரிகையின் மலையகப் பக்கத்துக்குச் செய்தி எழுதுவதும் நான்தான். தொண்டை உபாதை காரணமாகப் பாடகி கச்சேரியைச் சுருக்கிக்கொண்டார் என்று எழுதி அனுப்பினேன். அதிதியின் படம் பெரிதாக வந்தது.

அதற்குப் பிறகு மாத்தளையிலிருந்தும் பதுளையிலிருந்தும் சபைக்காரர்கள் என்னிடம்தான் கேட்டார்கள், தங்கச்சிக்குத் தொண்டை தேறிவிட்டதா என்று. தேறிவிட்டது என்று சொன்னால் அவள் எங்காவது பாடுவாள். பாடினால் யாராவது அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்பார்கள். "ஓய்வு எடுக்கிறா" என்றேன். இரண்டு மூன்று வருஷம் கேட்டார்கள். பிறகு கேட்பதில்லை. தானாகப் போய்ப் பாட வாய்ப்புக் கேட்கும் ஆள் அல்ல அவள். பிலிமத்தலாவையில் அவள் கணவருக்குப் பித்தளைச் சாமான் கடை. அந்தக் கடைக்கு மேல் வீட்டில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பதோடு நின்றுவிட்டாள்.

நாலாம் நாள் பஸ் ஏறிப் பிலிமத்தலாவைக்குப் போனேன்.

"என்னண்ணே, ஒரு போன்கூடப் பண்ணாம வந்திருக்கீங்க? அண்ணி சொகந்தானே?"

"அவ நல்லாத்தான் இருக்கா. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"டீயைக் குடிச்சிட்டுச் சொல்லுங்க. உங்க மூஞ்சியைப் பாத்தா வெறும் வயித்துல கேக்குற விசயமா தெரியல."

நான் டீயைத் தொடவில்லை. "அந்தக் கண்டிக் கச்சேரியைப் பத்திப் பேப்பர்ல எழுதினது நான்தான். உனக்குத் தொண்டை சரியில்லன்னு."

"தெரியும்" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"தொண்டை உபாதைன்னு போட்டிருந்துச்சு. இந்தக் கண்டியில உபாதைன்னு எழுதுற ஆள் வேற யாரு இருக்கா? ஸ்கூலுக்கு லீவு லெட்டர் எழுதினாலும் உங்களுக்கு உபாதைதான்."

நான் சிரிக்க முயன்றேன். அவள் சிரிக்கவில்லை.

"தெரிஞ்சும் ஏன் என்கிட்ட கேக்கல?"

"மொத வருசம் காத்துக்கிட்டு இருந்தேன், நீங்களா சொல்லுவீங்கன்னு. தீபாவளிக்கு வந்தீங்க. பொங்கலுக்கு வந்தீங்க. வடை நல்லா இருக்குன்னு சொன்னீங்க. அதுக்குப் பொறகு விட்டுட்டேன்."

கீழே கடையில் யாரோ ஒரு குத்துவிளக்கைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. நான் மன்னிப்புக் கேட்டேன்.

"எங்கிட்ட கேட்டு என்ன பிரயோசனம்ணே? என் தொண்டை எப்பிடி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். தெரியாதவங்ககிட்டல்ல போய்ச் சொல்லணும்?"

அவள் முன்னாலேயே அந்த ஆசிரியைக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "மேடம் பக்கத்துல இருக்காங்களா, சேர்? குடுங்க" என்றார். தங்கை போனை வாங்கி, "மாத்தளைன்னா வர்றேன்" என்றாள். "பொன்னாடை கின்னாடை ஒண்ணும் வேணாம். நான் பாட ஆரம்பிச்சா யாரு வந்தாலும் நிறுத்தக் கூடாது. எங்க அண்ணனை வாசல்ல நிக்கச் சொல்லுங்க. பெரிய மனுசங்களோட அவருக்குத்தான் பழக்கம்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குக் கச்சேரி. எண்பது பேர் வந்திருந்தார்கள், பாதிப்பேர் பழைய சபைக்காரர்கள். அவள் மேடைக்கு வருமுன் நான் எழுந்து, அன்றைக்கு நான்தான் பாட்டை நிறுத்தினேன், அவளுக்குத் தொண்டை கெட்டதென்று நான் எழுதியது பொய், அதனால் யாரும் அவளைக் கூப்பிடாமல் போனார்கள் என்று சொன்னேன். எழுதி வைத்துக்கொண்டு வாசிக்கவில்லை. என் வயதுக்காரர் ஒருவர், "இப்ப என்னத்துக்கு இதெல்லாம், உக்காருங்க" என்றார். அவர்மேல் கோபமில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். நான் உட்காரவில்லை. வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன்.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். அவள் தோடியை எடுத்திருந்தாள். சந்துக்குள் நாலு பேர் வந்தார்கள். கோயில்காரர்கள் யாரோ நகரத்துப் பிரமுகர் ஒருவரை எங்களிடம் கேட்காமலே அழைத்திருக்கிறார்கள். முன்னால் வந்தவர் கையில் பொன்னாடைப் பொட்டலம்.

"வழி விடுங்க, அதிதி வந்திருக்காரு."

என் கை தானாகக் கதவுக்குப் போனதை நான் இங்கே மறைக்கக் கூடாது. கையை இழுத்துக்கொண்டு, "பாட்டு நடக்குதுங்க. இந்த ராகம் முடிஞ்சதும் உள்ள போகலாம்" என்றேன்.

"யாருன்னு தெரியாம பேசுறீங்க" என்று பொட்டலக்காரர் குரலை உயர்த்தினார்.

பிரமுகர் அவர் தோளில் கை வைத்தார். "ஏன் சத்தம் போடுறீங்க? பாடட்டும். எனக்கும் கொஞ்சம் உக்காரணும்." சப்பாத்தைக் கழற்றிவிட்டு வாசல் பக்கமிருந்த நீள மர வாங்கில் உட்கார்ந்துகொண்டார்.

அவ்வளவுதான். ஒரு வார்த்தை சொன்னேன், மனிதர் உட்கார்ந்துவிட்டார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னும் இவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கும். அன்றைக்கு வந்த அதிதி கோபித்திருப்பார் என்றுகூட என்னால் இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியாது. நான் அவரைக் கேட்டே பார்க்கவில்லை.

அந்த மண்டபம் எதையும் மூடி மறைக்காது. கதவுக்கு வெளியே நின்றும் எனக்கு எல்லாம் கேட்டது. கீழ் ஸ்தாயியில் அவள் குரல் பழைய இடத்தில்தான் இருந்தது. மேலே போனபோது உடைந்தது. மறுபடி போனாள், மறுபடியும் உடைந்தது. மூன்றாம் தடவை அவள் மேலே போகவில்லை. நடுவிலேயே சுற்றி இறங்கிவிட்டாள். அவளுக்கு அறுபத்தாறு வயது. மேடையில்லாமல் போன வருஷங்கள் அந்தக் குரலில் இருந்தன. நான் அன்றைக்கு எழுதிய பொய், தாமதமாக, உண்மையாகிக்கொண்டிருந்தது.

வாங்கிலிருந்த பிரமுகர் மெதுவாகக் கேட்டார். "நல்லாப் பாடுறாங்க. தொண்டை கொஞ்சம் சரியில்லையோ?"

"தொண்டைக்கு ஒண்ணுமில்லங்க. பன்னிரண்டு வருசம் நாங்க பாட விடல" என்றேன். சொல்லிவிட்டு, அது சரியில்லை என்று பட்டதால், "நான் பாட விடல" என்று திருத்திச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

திரும்பும்போது வேனில் அவள் எனக்கு முன் ஆசனத்தில் இருந்தாள். அக்குறணையைத் தாண்டினோம். பிறகு திரும்பாமலே கேட்டாள்.

"மேல போறப்ப உடைஞ்சது வெளிய கேட்டுச்சா?"

கேட்கவில்லை என்று சொல்லத்தான் நாக்கு எழுந்தது. "கேட்டுச்சும்மா" என்றேன்.

"பேப்பருக்கு எழுதுவீங்கல்ல?"

"எழுதச் சொன்னா எழுதுறேன்."

"எழுதுங்க. உடைஞ்சதையும் எழுதுங்க. எதனாலன்னும் எழுதுங்க."

எழுதிவிட்டேன். இதை அவளிடம் வாசித்துக் காட்டியபோது, மறுபடி எங்காவது பாடுவாயா என்று கேட்டேன். கீழே கடைக்கு ஆள் வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள்.