தலை ஆடிக்குப் போன ஏழு பேர்

எங்கள் நெல்லித்தாங்கலுக்கு பஸ் வராமல் போனதற்கு லீலாதான் காரணம் என்று ஒரு வருடம் முழுக்கப் பேசினோம். பேசியவர்களில் நானும் ஒருத்தி. இப்போது நினைத்தால் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

லீலா எங்கள் ஊர் அங்கன்வாடி டீச்சர். புருஷன் பலராமன் வீட்டிலேயே தறி போட்டு, ஆரணி முதலாளி ஒருவருக்குப் பட்டு நெய்கிறவர். ஒரே மகள் தேவிப்ரியா. அவள் ஆரணியில் காலேஜ் சேர்ந்த வருடம்தான் மினி பஸ் பேச்சு வந்தது. ஐந்நூறு பேராவது இருந்தால்தான் பஸ், கணக்கு எடுத்துக் கொடுங்கள் என்றார்கள் ஆபீசில். அந்த வேலை லீலா தலையில் விழுந்தது.

லீலாவுக்குப் பொய் எழுத வராது. அங்கன்வாடிக்குப் பதினோரு பிள்ளைகள் வந்தால் பதினோரு முட்டைதான் வேகும். வீடு வீடாகப் போய், கண்ணால் பார்த்தவர்களை மட்டும் எழுதினாள். நானூற்றுத் தொண்ணூற்றைந்து பேர். பஸ் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

அது ஆடி மாதம். புதுப்பெண் ஆடியில் புருஷன் வீட்டில் தங்கமாட்டாள். அந்த வருடம் கல்யாணமாகி வந்த மருமகள்கள் ஏழு பேரையும் தலை ஆடிக்குத் தாய்வீட்டார் கூட்டிப் போயிருந்தார்கள். என் மருமகள் ராதிகாவும் அதில் ஒருத்தி. லீலா நோட்டோடு வந்து நின்றபோது, "அவ சந்தவாசல்ல அம்மா வூட்ல கீறா, அங்க எழுதிக்குவாங்க, நீ எழுதாதே" என்று சொன்னது இதே வாய்தான். சந்தவாசலில் யாரும் கணக்கே எடுக்கவில்லை.

ஆவணியில் ஏழு பேரும் திரும்பி வந்தபோதுதான் லீலாவுக்கு உறைத்தது. ஆபீசுக்கு ஓடினாள். அடுத்த முறை பார்க்கலாம் என்றார்கள்.

தேவிப்ரியா தினமும் கூட்டுரோடு வரை ஐந்து கிலோமீட்டர் நடந்துபோய் ஆரணி பஸ் பிடித்தாள். கார்த்திகையில் ஒருநாள், பொழுது சாய்ந்த நேரத்தில், ஏரிக்கரையில் இரண்டு பேர் பைக்கில் அவள் பின்னாலேயே வந்தார்கள். மூச்சு வாங்க ஓடி வந்து விழுந்த மகளைப் பார்த்து பலராமன், "போதும்மா, படிச்சது" என்றார். மூன்று நாள் அவள் சாப்பிடவில்லை. அவர் மனம் இளகவில்லை.

பங்குனியில் மறுபடி கணக்கு எடுத்தார்கள். ஐந்நூற்று மூன்று பேர். அதில் தேவிப்ரியா பெயரும் இருந்தது. வைகாசியில் அவளைக் கலசப்பாக்கத்தில் கட்டிக்கொடுத்தார்கள். ஆனியில் பஸ் வந்தது. நாங்கள் தேங்காய் உடைத்து, சந்தனம் பூசி அமர்க்களப்படுத்தினோம். லீலா அங்கன்வாடியை விட்டு வெளியே வரவில்லை.

ஆடி பிறப்பதற்கு முதல் நாள், மகளைத் தலை ஆடிக்கு அழைத்து வரப் போனாள். ஆரணிக்குத் துணி எடுக்கப் போயிருந்த நானும் திரும்பும்போது அதே மினி பஸ்ஸில் ஏறினேன். எனக்கு முன் சீட்டில் தாயும் மகளும்.

தேவிப்ரியா கண்டக்டரிடம் கேட்டாள்: "அண்ணா, காலைல எங்க ஊர்ல எத்தினி மணிக்கு எடுக்கறீங்க?"

"ஏழே முக்காலுக்கும்மா. எட்டரைக்கெல்லாம் ஆரணி."

"காலேஜ் ஒம்போதுக்குதாம்மா" என்றாள் தாயைப் பார்த்து. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. சும்மாதான் சொன்னாள்.

ஏரிக்கரை வந்ததும் மகள் மறுபடி கேட்டாள்: "ஏம்மா, இப்ப நீ கணக்கெடுத்தா என்னை எந்த ஊர்ல எழுதுவே?"

"ரெண்டு ஊர்லயும் எழுதுவேன்டி கண்ணு" என்றாள் லீலா. "யாரு இன்னா சொன்னாலும் ரெண்டுலயும் எழுதுவேன்."

சொல்லிவிட்டு மகள் தோளில் சாய்ந்து தேம்பினாள். அன்றைக்கு எழுதாதே என்று சொன்ன நான், அவளுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.