பாவம், அந்த ஜீப் என்ன செய்யும்?

போன ஞாயிறு கொடைக்கானல் பக்கம் மன்னவனூர் போயிருந்தேன். அங்கே இருக்கிற ஆட்டுப் பண்ணையைப் பார்க்க ஆசைப்பட்டது நானில்லை — நிர்மலா. என் நண்பரின் மகள். கொடைக்கானலில் பள்ளிப் படிப்பு. இப்போது பெங்களூரில் செல் உயிரியல் ஆராய்ச்சி. லீவுக்கு வந்திருந்தாள்.

ஜீப் ஓட்டியவர் தங்கப்பாண்டி. பண்ணைக்காடு ஊர்க்காரர். எனக்குப் பல வருடப் பழக்கம். வண்டியில் ஏறினால் இறங்கும்வரை வாய் திறக்க மாட்டார்.

பூம்பாறை தாண்டியதும் பொழுது போகாமல் கேட்டேன். "அப்படி என்னதாம்மா ஆராய்ச்சி பண்றே?"

"நஞ்சுக்கொடி, அங்கிள்."

பிரசவம் முடிந்ததும் தூக்கிப் போடுகிற சமாச்சாரம்... அதில் ஆராய என்ன இருக்கிறது?

"அது யாரோடது, சொல்லுங்க பார்ப்போம். அம்மாவோடதா, குழந்தையோடதா?"

"இதென்ன கேள்வி? அம்மாவோடதுதான்!"

"பெரும்பகுதி குழந்தையோடது அங்கிள். கரு உருவான சில நாள்லயே செல்கள் ரெண்டு கட்சியாப் பிரிஞ்சிடும். ஒரு கட்சி குழந்தையாகும். இன்னொண்ணு நஞ்சுக்கொடியாகும்."

நமக்கு முதன்முதலில் சோறு போட்ட உறுப்பை நாமேதான் செய்துகொண்டோமா? இத்தனை வயதுக்கு இது எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?

அவள் விளக்கிக்கொண்டே வந்தாள். ஒரு செல் இரண்டாகும்போது உள்ளே இருக்கிற குரோமோசோம்களைச் சரியாகப் பங்கு பிரிக்க வேண்டும். அதற்கென்றே சில புரதங்கள். சில இழுக்கும். சில, பங்கு சரிதானா என்று காவல் நிற்கும். மற்ற இடங்களில் கறாராக இருக்கும் அந்தக் காவல், நஞ்சுக்கொடியில் மட்டும் கொஞ்சம் தளர்ந்துவிடுகிறதாம். ஏன்? அதுதான் அவள் ஆராய்ச்சி.

"விடை?"

"தெரிஞ்சிருந்தா இந்நேரம் வேற கேள்விக்குப் போயிருப்பேன்" என்று சிரித்தாள்.

"சரி, பங்கு தப்பாப் போச்சுன்னா?"

"நஞ்சுக்கொடியில பல சமயம் சமாளிச்சுக்கும். ஆனா கருமுட்டை உருவாகும்போதோ, கரு முதல்ல பிரியும்போதோ தப்பாச்சுன்னா கஷ்டம். ஆரம்ப மாசங்கள்ல நிறைய கரு கலையறதுக்கு அதுதான் காரணம்."

ஜீப் நின்றது.

பஞ்சரோ என்று எட்டிப் பார்த்தேன். இல்லை. தங்கப்பாண்டி ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"மேடம்... அப்ப ஜீப்பு குலுங்குனா கலையாதுங்களா?"

பதிலுக்குக் காத்திராமல் அவரே சொன்னார்.

"எங்க வீட்டம்மா ஈஸ்வரிக்கு அப்ப ரெண்டாம் மாசங்க. ஆஸ்பத்திரியில காட்டிட்டு இந்த ஜீப்புலதான் கூட்டியாந்தேன். ரோடு மோசமாக் கெடந்துச்சு. வெரசா வீடு போய்ச் சேரணும்னு மிதிச்சுட்டேன். மறுநாளே போயிருச்சு. அப்புறம் ஒரு பொம்பளப் புள்ள பொறந்து, இப்ப பள்ளிக்கூடம் போகுது. இருந்தாலும்... அந்த மொதப் புள்ளய நாந்தானே கொன்னுட்டேன்?"

நிர்மலா யோசித்துத்தான் பேசினாள். "அண்ணே, நான் வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்ல. உங்களுக்கு என்ன நடந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா நல்லா இருக்கிற கரு, ரோடு குலுங்குறதால கலையறதில்ல. அந்த மாசத்துல அது இடுப்பெலும்புக்குள்ள பத்திரமா இருக்கும். அவங்க ஜீப்புல ஏறுறதுக்கு ரொம்ப முன்னாடியே அந்தப் பங்கு பிசகியிருக்கும்... அதுக்குத்தான் வாய்ப்பு அதிகம்."

"நெசமாவா?"

"நெசம்தாண்ணே."

அவர் போனை எடுத்தார். "இத ஈஸ்வரிகிட்ட நீங்களே சொல்லிருங்க மேடம். நாஞ் சொன்னா தப்பிக்கப் பாக்குறேன்னு நெனச்சுக்குவா. மனசுக்குள்ள அவளுக்கு எம்மேல வருத்தம் இருக்கும்."

நல்லவேளை, வண்டி நின்ற வளைவில் சிக்னல் இருந்தது. ஸ்பீக்கரில் போட்டார். நிர்மலா முதலிலிருந்து நிதானமாகச் சொன்னாள். மறுமுனையில் குக்கரை இறக்கிவைக்கும் சத்தம் கேட்டது.

"நீங்க யாருன்னு தெரியலங்க, நல்லா இருங்க" என்றது ஈஸ்வரியின் குரல். "ஆனா நான் ஒருநாளாச்சும் அவரக் குத்தம் சொன்னேனா, கேளுங்க. உங்க மேல தப்பில்லன்னு எத்தன தடவ சொல்லியிருப்பேன்! மனுசன் காதுல வாங்குனாத்தானே?"

தங்கப்பாண்டி துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"சொல்லியிருக்கா சார்" என்றார் என்னிடம். "ஆறுதலுக்குச் சொல்றாளாக்கும்னு நெனச்சேன்."

மனைவி சொன்னால் ஆறுதல், ஆராய்ச்சிக்காரர் சொன்னால்தான் உண்மை... நம்மைத் திருத்தவே முடியாது — என்னையும் சேர்த்துத்தான்!