இருங்க, நிப்பாட்ட முடியாது

“இருங்க அண்ணாச்சி, நிப்பாட்ட முடியாது.”

யோகலட்சுமி இதைச் சொல்லும்போது திரும்பிப் பார்ப்பதில்லை. கவிழ்த்துப் போட்ட எண்ணெய் டின்னின் மேல், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு கைகளுக்கும் நடுவே, வீடியோ கேம் ஆடுகிற கறுப்பு கன்ட்ரோலர். அதில் ஒரு பொத்தானில் எப்போதோ வெல்லப்பாகு இறங்கிவிட்டது. மற்றவற்றைவிட அதைக் கொஞ்சம் ஓங்கி அமுக்க வேண்டும். அது அடி விழாமல் ஒதுங்குகிற பொத்தான். ஒதுங்காவிட்டால் சாவு.

டிவியில் இடிந்த கோட்டை ஒன்று. மழை பெய்துகொண்டே இருக்கும். அதன் முற்றத்தில் பனைமர உயரத்துக்கு இரும்புச் சட்டை போட்ட ஒரு பூதம். அதற்கு ஒரு கைதான். அந்த ஒரு கையில் வண்டி அச்சு மாதிரி ஒரு தடி. எதிரே, கட்டைவிரல் அளவுக்கு ஒரு சிப்பாய். அந்தச் சிப்பாய்தான் யோகலட்சுமி. தைப் பொங்கலில் இருந்து அந்த முற்றத்திலேயே செத்துக்கொண்டிருக்கிறார். இப்போது பங்குனி.

கோவில்பட்டியில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டுக் கடலைமிட்டாய் போடுகிறவர் அவர். மூன்று பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். கடலை வறுப்பு, தோல் நீக்கல், பாகு, தட்டில் கொட்டிச் சமப்படுத்தி வில்லை போடுதல் என்று காலையிலிருந்து இடுப்பை நிமிர்த்த நேரமில்லை. வில்லை போட்ட தட்டு ஆறினால்தான் பொட்டலம் கட்ட முடியும். அது ஆறுகிற நேரத்தில் மற்றவர்கள் டீ குடிக்கிறார்கள். இவர் கையை வெந்நீரில் கழுவி, விரல் விரலாகத் துடைத்து, வீட்டுக்குள் போய் அடி வாங்குகிறார்.

நான் லேபிள் அச்சடிக்கிறவன். அச்சடிக்கும் முன் சரிபார்க்கிற மெய்ப்பை எடுத்துக்கொண்டு போனால், ஒரு பார்வை பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு பார்வைக்காக அந்த வீட்டு நிலைப்படியில் நான் நின்ற நேரத்தில் இரண்டு கல்யாணப் பத்திரிகை அடித்திருக்கலாம். எனக்கு மட்டும் இந்தக் கதி என்றால் கோபப்படலாம். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரும் நிற்கிறார். எட்டயபுரத்திலிருந்து வந்த பெரியம்மாவும் பையைக் கீழே வைக்காமல் நிற்கிறார். எல்லோருக்கும் ஒரே வாசகம். போன் அடித்தாலும் எடுக்க மாட்டார். “அடிச்சு ஓயட்டும்” என்பார்.

“ஒரு நிமிசம் நிறுத்தி வைக்க ஒரு பொத்தான் இருக்காதா தாயி?”

“இந்தக் கேமுல கிடையாது அண்ணாச்சி. அதுதான இதுல விசேசமே.”

இதில் என்ன விசேஷம் என்று எனக்கு விளங்கவில்லை. அவர் தம்பி ஜெயகிருஷ்ணன் துபாய்க்குப் போகும்போது கேம் பெட்டியை அக்கா வீட்டில் போட்டுவிட்டுப் போனார். கார் ஓட்டுவது, பந்து அடிப்பது என்று எளிதான ஆட்டங்களும் அதில் இருந்தன. இவர் அவற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தம்பியே பாதியில் கைவிட்ட இதைப் பிடித்துக்கொண்டார். மனுஷனுக்கு ஏற்கெனவே இருக்கிற கஷ்டம் போதாதா?

கணவர் மாரிராஜ் நூற்பாலையில் ஃபிட்டர். அவர் இதை இன்னும் சுருக்கமாகச் சொல்வார். “நானும் எட்டு மணி நேரம் நின்னுட்டுத்தான் வாரேன் அண்ணாச்சி. எனக்கு ஓய்வுன்னா கட்டில். இவளுக்கு ஓய்வுன்னா தடியடி.”

சிப்பாய் செத்தால் திரை சாம்பல் நிறமாகும். கோவில் மணி மாதிரி ஒரு மணி அடிக்கும். கொட்டகையில் அந்தச் சத்தம் நன்றாகக் கேட்கும். உடனே வேலைக்கு வருகிற காளீஸ்வரி டம்ளரைக் கவிழ்த்துவிட்டு மற்ற இருவரையும் கிளப்புவார். “ஏட்டி, அக்கா செத்துட்டாவ. எந்திரிங்க, பொட்டலம் கட்டுவோம்.” வேறெந்தக் கொட்டகையிலும் டீ நேரம் இப்படி முடிவதாக நான் கேள்விப்படவில்லை.

என்னை இன்னும் படுத்துவது அவர் பூதத்துக்குக் கொடுக்கிற மரியாதை. ‘அவிய’, அதாவது ‘அவங்க’ என்றுதான் சொல்வார். “இன்னைக்கு அவிய ரொம்பக் கோவமா இருக்காவ” என்று அவர் சொன்னால், வீட்டுக்காரரைச் சொல்கிறாரா பூதத்தைச் சொல்கிறாரா என்று வேலைக்காரப் பெண்களுக்கே தெரியாது. ஒருநாள் காளீஸ்வரி, “எந்த அவிய அக்கா?” என்று கேட்டேவிட்டார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. மாரிராஜ் மட்டும் சிரிக்கவில்லை.

“பூதத்துக்கு எதுக்கும்மா அவிய இவிய எல்லாம்?” என்றேன்.

“நம்மள இத்தன தரம் தோக்கடிச்சவியள அவன் இவன்னு சொல்லலாமா அண்ணாச்சி?”

பதில் சொல்லும்போது முகத்தில் சிரிப்பே இல்லை. தடியின் பதத்தையும் எனக்கு விளக்கினார். “அவிய கைய ஓங்குன உடனே நாம ஒதுங்கக் கூடாது. ஓங்குவாவ, ஒரு நிதானம் பண்ணுவாவ, பொறவுதான் இறக்குவாவ. பாகு மாதிரிதான். பொங்குதேன்னு அவசரப்பட்டு இறக்குனா மிட்டாய் சவசவன்னு போயிரும். கூடக் கொஞ்சம் நின்னா கசந்துரும். அந்த நிதானம் இருக்குல்லா, அதைப் பிடிக்கணும்.”

பாகில் அந்த நிதானம் அவருக்குக் கைவந்திருக்கிறது. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, உருட்டி, கிண்ணத்தில் போட்டு, ‘டங்’ என்ற சத்தத்தைக் கேட்டு அடுப்பிலிருந்து இறக்கிவிடுவார். பூதத்திடம் இன்னும் வரவில்லை. ஆட்டத்துக்குள் துணைக்கு ஒரு ஆளைக் கூப்பிட்டுக்கொள்ளலாம், இருவராக அடித்தால் எளிது என்று துபாயிலிருந்து தம்பி போனில் சொல்லிப் பார்த்தார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கும் பொறுமை போய், ஏன் இந்த வீம்பு என்று கேட்டேன்.

“எங்க அய்யா கரிசல்ல பருத்தி போட்டாவ. மழை பெஞ்சாலும் போச்சு, பெய்யாட்டாலும் போச்சு. இங்கன நான் மிட்டாய் போடுதேன். வெல்லம் மோசம்னா போச்சு, கரண்டு போனா போச்சு, வாங்குதவன் மனசு மாறுனா போச்சு. எதுலயும் நான் என்ன தப்புப் பண்ணேன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாவ. இவிய மட்டுந்தான் அண்ணாச்சி நேர்மையா அடிக்காவ. விழுந்தா என் கைத் தப்பு. திருத்திக்கிடலாம்.”

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மெய்ப்பு இன்னும் என் கையில்தான் இருந்தது.

இதுவரை யோகலட்சுமியின் மிட்டாய்க்குப் பெயர் கிடையாது. மொத்த வியாபாரி தட்டுத் தட்டாக எடுத்துப்போய்த் தன் லேபிளை ஒட்டிக்கொள்வார். இந்தப் பங்குனிக்குத்தான் முதல் தடவையாகச் சொந்த லேபிள்: ‘யோகலட்சுமி கடலைமிட்டாய்’. ரயில் நிலையத்துப் பக்கம் கடை வைத்திருக்கிற சௌந்தரபாண்டியன் முதலில் சில பெட்டிகள் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அது ஒழுங்காக வந்தால் பங்குனித் திருவிழாச் சரக்கு முழுக்க இவரிடம்தான் எடுப்பார். வராவிட்டால் பழையபடி பெயரில்லாத தட்டு. அதனால் லேபிளை எழுத்தெழுத்தாகப் பார்த்து வைத்திருந்தேன். எனக்குச் சந்தேகம், லேபிளுக்கென்று அவர் புதிதாக வாங்கியிருந்த போன் நம்பரில் மட்டும்தான். அவர் எழுதிக் கொடுத்த சீட்டில் கடைசி எண், ஒன்றா ஏழா என்று தெரியவில்லை. ஒன்று என்று கோத்துவிட்டு, கேட்டுக்கொள்ளலாம் என்று போனேன்.

போன நேரம், பூதம் முழங்கால் போட்டிருந்தது. அதுவரை நான் பார்த்திராத காட்சி.

“தாயி, நம்பர் சரிதானா? அடிச்சிரலாமா?”

“அடி! அடி! விடாத, அடி!”

நான் திரும்பிப் போய் அடித்துவிட்டேன்.

லேபிள் ஒட்டி, பெட்டி கட்டி, ஆட்டோ வருவதற்குக் காத்திருந்தார்கள். காலையில் மாதிரிக்கு ஒரு பொட்டலம் சௌந்தரபாண்டியன் கடைக்குப் போயிருந்தது. அவர் வாடிக்கையாளர் முன்னாலேயே, ஸ்பீக்கரில் போட்டு, லேபிளில் இருந்த நம்பரைக் கூப்பிட்டிருக்கிறார். எடுத்தவர் இடைசெவல் பக்கம் கிடை போட்டிருந்த ஓர் ஆட்டுக்காரர். “மிட்டாயா? எங்கிட்ட ஏதுங்க மிட்டாயி? கிடா வேணும்னா சொல்லுங்க, பல்லுப் பாத்துத் தாரேன்” என்றிருக்கிறார். கடையே சிரித்திருக்கிறது. சௌந்தரபாண்டியன் மாரிராஜுக்குப் போன் போட்டு, மத்தியானத்துக்குள் சரியான நம்பரோடு வந்தால் வரட்டும், இல்லாவிட்டால் பெட்டி வேண்டாம் என்று வைத்துவிட்டார்.

சேதி கேட்டு நான் கொட்டகைக்கு ஓடினேன். மாரிராஜ்தான் ஆரம்பித்தார். “அந்தக் கேம் பெட்டியத் தூக்கித் தெப்பக்குளத்துல போடுதேனா இல்லையா பாரு.”

“நீதானம்மா அடின்னு சொன்ன?” என்றேன் நான்.

யோகலட்சுமி என்னை நிமிர்ந்து பார்த்தார். “அண்ணாச்சி, நான் உங்கள என்னைக்காவது ‘அடி’ன்னு சொல்லியிருக்கேனா? உங்களச் சொன்னா ‘அடிங்க’ன்னுல்லா சொல்லியிருப்பேன்.”

எரிச்சல் என்னவென்றால், அது உண்மை. இத்தனை வருஷப் பழக்கத்தில் எனக்கு ஒரு ‘ங்க’ குறைத்ததில்லை. நாள் முழுக்க எழுத்தைப் பார்த்தே பிழைக்கிறவன், இரண்டெழுத்து குறைந்ததைக் கவனித்திருக்க வேண்டுமாம். “பொறவு யாரைச் சொன்ன? அந்த அவியளையா?”

“அவியள எப்படிச் சொல்லுவேன்? என்னைய நானே சொல்லிக்கிட்டேன்.”

“முழங்கால் போட்டாரே, பொறவாவது செத்தாரா?”

“நீங்க கேள்வி கேட்டியள்லா, திரும்பிட்டேன். நான்தான் செத்தேன்.”

காளீஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டார்.

மறுபடி அடித்தால் மசி காயவே சாயங்காலமாகிவிடும். யோகலட்சுமி ஒரு பொட்டலத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என் அச்சு எழுத்தில் ஒன்று என்பது வெறும் நெட்டைக் கோடு. தலையில் இடப்பக்கமாக ஒரு குறுக்குக் கோடு போட்டால் ஏழு. “மார்க்கர் இருக்கா அண்ணாச்சி, மெல்லிசா?” என்றார்.

பெட்டிகளைப் பிரித்துக் கொட்டகை நீளத்துக்குப் பொட்டலங்களைப் பரப்பினோம். ஆளுக்கொரு பேனா. மாரிராஜுக்கும், மூன்று பெண்களுக்கும், எனக்கும். “கேமுல துணைக்கு ஆள் வேண்டாம்னியே தாயி?” என்று கேட்டேன், விட மனசில்லாமல்.

“அது விளையாட்டு. இது சோறு.”

உதவிக்குக் கூப்பிட்டவர், நாங்கள் செய்ததை ஏற்றுக்கொள்கிறாரா என்றால் அதுவும் இல்லை. கோடு சாய்ந்தால் தள்ளினார். மசி ஈஷினால் லேபிளை உரித்துப் புதிது ஒட்டி, மறுபடி போடச் சொன்னார். மாரிராஜ் போட்டதை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். “இது ஏழாங்க? மம்பட்டி மாதிரில்லா இருக்கு.”

“ஏட்டி, நீ அந்த ஒத்தக்கையன்ட்ட நாளெல்லாம் தோக்கலாம். நான் ஒரு கோடு கோணலாப் போடக் கூடாதா?” என்றார் மாரிராஜ்.

“அங்கன தோத்தா திரும்பப் போகலாம். பொட்டி போச்சுன்னா திரும்ப வராது. இன்னொண்ணு போடுங்க.”

இன்னொன்று போட்டோம். அதற்கு மேல் இன்னொன்று. என் கழுத்து பிடித்துக்கொண்டது. நான் அளவுகோல் வைத்துப் போட்ட கோடுகளில்கூட இரண்டைத் தள்ளிவிட்டார். ஒன்று மட்டும் உண்மையாகவே சாய்ந்திருந்தது. ஆட்டோ வாசலில் ஹாரன் அடித்தபோது, உள்ளேயிருந்து அவர் குரல் போயிற்று: “இருங்க, நிப்பாட்ட முடியாது!” ஆட்டோக்காரர் இஞ்சினை அணைத்துவிட்டு வேப்பமர நிழலுக்குப் போய்விட்டார். அவருக்கும் பழக்கம்தான்.

கடைசிப் பொட்டலத்தையும் பார்த்து முடித்துத்தான் பெட்டியை மூடவிட்டார். மாரிராஜ் ஆட்டோவிலேயே ஏறிப் போனார். போய்ச் சேர்ந்ததும், சௌந்தரபாண்டியன் நாலைந்து பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு இறக்கச் சொன்னதாகக் காளீஸ்வரியின் போனுக்குச் சேதி வந்தது. திருவிழாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம்.

அடுத்த முறைக்கான மெய்ப்பில் நம்பரைத் திருத்தி எடுத்துக்கொண்டு மறுநாள் போனேன். தட்டு ஆறுகிற நேரம். கொட்டகையில் டீ. உள்ளே டிவிக்குமுன் அதே டின், அதே மழை, அதே முற்றம். வாயைத் திறக்கவே கூடாது என்று முடிவு செய்து நிலைப்படியில் சாய்ந்தேன்.

பூதம் முழங்கால் போட்டது. அதன் உயிரைக் காட்டும் சிவப்புக் கோடு நகக்கண் அளவுக்கு வந்திருந்தது. யோகலட்சுமியின் முதுகு அசையவில்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஏன் பிடித்துக்கொண்டேன் என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

டிவி மேல் வைத்திருந்த போன் அடித்தது. லேபிளில் போட்ட, ஏழில் முடிகிற நம்பருக்குத்தான் அழைப்பு. போன் திரையில் சௌந்தரபாண்டியன் பெயர்.

அடித்து ஓயட்டும் என்றுதான் சொல்வார் என்று நினைத்தேன். பூதம் தடியோடு எழுந்தது, கையை ஓங்கியது. யோகலட்சுமி கன்ட்ரோலரைத் தரையில் வைத்தார். எழுந்து போனை எடுத்து, “சொல்லுங்க அண்ணாச்சி, யோகலட்சுமிதான் பேசுதேன்” என்றார். இன்னொரு கையை, வீட்டுக்கு வந்த பெரியவரை உட்காரச் சொல்வதுபோல, உள்ளங்கை தாழ்த்தி டிவியைப் பார்த்து நீட்டினார்: இருங்க.