சின்னக்கண்ணு அடைத்த வால்வு

கச்சிராயபாளையத்தில் மொபெட் வாங்கிய எவனும் கொஞ்ச நாளில் சின்னக்கண்ணுவின் பட்டறை வாசலில் வந்து நின்றுவிடுவான். கம்பெனிக்காரன் கொடுத்த இன்ஜின் சம பூமிக்குச் சரி. நம் மலைக்கு அது எங்கே போதும்? மூட்டையைக் கட்டிக்கொண்டு மலைமேல் இருக்கிற கரியாலூருக்கு ஏறினால் மூணாவது வளைவிலேயே இறங்கித் தள்ள வேண்டியதுதான். சின்னக்கண்ணு கை வைத்துவிட்டால் அதே வண்டி உறுமிக்கொண்டு ஏறும். கண்ணாடித் தகட்டின் மேல் உப்புத்தாளை விரித்து இன்ஜின் தலையைத் தேய்த்துத் தேய்த்து மட்டம் இறக்குவான். புகை போகிற வழியை அரத்தால் அகலப்படுத்துவான். சைலன்சர் குடலை உருவிப் போடுவான். சத்தம் கோமுகி அணைவரைக்கும் கேட்கும். அந்தச் சத்தத்தில் ஆளுக்கு ஒரு கர்வம், மறைப்பானேன்.

1987 செப்டம்பரில் கந்தசாமி வண்டியைக் கொண்டுவந்து விட்டான். ஊருக்கு ஏழு கிலோமீட்டர் தள்ளிக் காட்டுக்கொட்டாயில் குடியிருப்பவன், சின்னக்கண்ணுவுக்குக் கூட்டாளி. சனி ஞாயிறில் கருவாட்டு மூட்டை கட்டி மலையேறுவான். மற்ற நாளில் அவன் மனைவி அம்சவள்ளி அதே வண்டியில் சத்துணவுக் கூடத்து வேலைக்குப் போவாள். பொம்பளை வண்டி ஓட்டுகிறாள் என்று ஊரே சிரித்தபோது, அவள் காலுக்கு எட்டும்படி சீட்டை இறக்கிக் கொடுத்ததே சின்னக்கண்ணுதான்.

கைப்பிடியில் ஒரு குட்டி லிவர் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு மிதித்தால் இன்ஜினுக்குள் இருக்கிற காற்று ஒரு வால்வு வழியாக வெளியேறும், மிதி லேசாகும். வேகம் வந்ததும் லிவரை விட்டால் வண்டி கிளம்பிவிடும். அந்த வால்வில் காற்று கசிந்து சக்தி வீணாகிறது என்று கண்டான் சின்னக்கண்ணு. பிடுங்கி எறிந்துவிட்டு அந்த ஓட்டையில் போல்ட்டை முறுக்கி அடைத்தான். இனி மிதித்துக் கிளப்ப முடியாது, தள்ளிக்கொண்டு ஓடி ஏறு என்று கந்தசாமியிடம் சொன்னான். கந்தசாமிக்கு என்ன, காளை மாதிரி ஆள். அம்சவள்ளி எப்படிக் கிளப்புவாள் என்று இரண்டு தடியன்களுக்கும் தோன்றவில்லை, அவளிடம் யாரும் சொல்லவும் இல்லை.

மறுநாள் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் ஆரம்பித்தது. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். பஸ் நின்றது. போலீஸ் ஆண்களைத் தேடி வருகிறது என்று பேச்சு கிளம்பவும், அடிவாரத்து ஆண்கள் அத்தனை பேரும் மலையேறிவிட்டார்கள். சின்னக்கண்ணுவும் கந்தசாமியும் கரியாலூரில் ஒரே கொட்டகையில் ஐந்து நாள் கிடந்தார்கள். வண்டி வீட்டிலேயே நின்றது. அங்கே கந்தசாமி வருகிறவன் போகிறவனிடமெல்லாம் அந்த இன்ஜின் பெருமை பேசினான். கேட்டுக்கொண்டிருந்த சின்னக்கண்ணுவுக்கு உச்சி குளிர்ந்தது.

மூணாம் நாள் காலையில் கீழே கந்தசாமியின் குழந்தை செல்விக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்து வெட்டியது. நாலு வயசு. பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு அம்சவள்ளி வண்டியை மிதித்தாள். மிதி அசையவில்லை. லிவரைப் பிடித்தாள், விட்டாள், ஏறி நின்று மிதித்தாள். முழங்கால் எலும்பு தெரியக் கிழிந்தது. தள்ளிவிட ஓர் ஆண்பிள்ளை அந்தக் கொட்டாயில் இல்லை. கடைசியில் ஊர் ஆஸ்பத்திரிக்கு நடந்தாள்.

பிள்ளை பிழைத்தது. காது இரண்டும் போயிற்று. காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது, முன்னாலேயே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்வதற்கில்லை என்றாராம் டாக்டர். அந்தச் ‘சொல்வதற்கில்லை’ சின்னக்கண்ணுவின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

அதைவிடக் கொடுமை, கந்தசாமி பட்டறையில் உட்கார்ந்து புலம்புவது. “இத்தினி பவரான வண்டி வூட்ல நிக்குது, அத்த கிளப்பத் துப்பில்ல அவளுக்கு” என்பான். வீட்டிலும் இதே பேச்சுதானாம். சின்னக்கண்ணு வாயைத் திறக்கவில்லை. திறந்தால் கூட்டாளியும் போவான், பட்டறைப் பேரும் போகும். அதற்குப் பிறகு வந்த ஆறு வண்டிகளில் வால்வை மட்டும் தொடாமல் விட்டான். அவனுக்குத் தெரிந்த பரிகாரம் அவ்வளவுதான், கோழை.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் காலையில் அம்சவள்ளியே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். செல்வியும் கூட வந்தாள்.

“அண்ணா, எனக்கு பலம் பத்தல. ஆம்பளைங்க எப்பிடி கிளப்புறாங்கன்னு சொல்லிக் குடுங்க. கத்துக்கிறேன்.”

அவன் வண்டியைத் தள்ளி ஓடிக் கிளப்பி, வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். அந்த உறுமலில் டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள், நாய் எழுந்து ஓடியது. செல்வி வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தரையில் கிடந்த நட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பவே இல்லை.

சின்னக்கண்ணு இன்ஜினை அணைத்தான்.

“உன் மேல தப்பில்லம்மா. இந்த வண்டிய யாராலயும் மிதிச்சுக் கிளப்ப முடியாது. வால்வ அடைச்சவன் நானு.”

அம்சவள்ளி கிழிந்து ஆறிய முழங்காலைப் புடவையோடு தடவிக்கொண்டாள்.

“அவருக்குத் தெரியுமா?”

“தள்ளிக் கிளப்புன்னு சொன்னேன். உன்னால முடியாதுன்னு சொல்லல. அவனும் கேக்கல.”

“என்னையும் யாரும் கேக்கல,” என்றாள். “வூட்டுக்கு வந்து அவருகிட்ட சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாரு. வண்டிய தள்ளிக்கினே வாங்க.”

பட்டறையைச் சாத்திவிட்டு அவன் ஏழு கிலோமீட்டரும் தள்ளினான். வெட்டிய புளியமரத்தின் அடிக்கட்டை ஒன்று பாதி வழியில் இருந்தது. அதன் பக்கத்தில் அவள் நின்றாள்.

“அன்னிக்கு வழி பூரா பாப்பாகிட்ட பேசிக்கினே வந்தேன், தூங்கிடக் கூடாதேன்னு. இங்க வந்தப்போ, ‘ஏம்மா பேசாம வர்ற’ன்னு கேட்டா. நான் பேசிக்கினுதான் இருந்தேன்.”

சின்னக்கண்ணு ஹேண்டில்பாரைப் பிடித்தபடி அழுதான். அவள் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

கந்தசாமி களத்தில் பறித்த மணிலாக் கடலைக் கொடியைக் காயவைத்துக்கொண்டிருந்தான். இன்னா, வண்டி ரிப்பேரா என்று கேட்டான்.

“வண்டி நல்லாத்தான் கீது, கந்தசாமி. அம்சவள்ளி கிளப்ப முடியாதபடி பண்ணினது நானு. தெரிஞ்சும் ரெண்டு மாசமா உன்கிட்ட சொல்லல.”

கந்தசாமி அவனைப் பார்க்கவில்லை, இரண்டு மாதமாகத் துப்பில்லாதவள் என்று தான் திட்டிய மனைவியைத் தேடினான். அவள் குழந்தையோடு உள்ளே போயிருந்தாள்.