துரை தோற்ற கதை

இலங்கை மலையகத்தில், கந்தப்பளைப் பக்கம் எங்கள் தேயிலை ஃபெக்டரியைப் பார்க்க வருகிறவர்களுக்கு யூஜினாதான் வழிகாட்டி. கொழுந்து பறிக்கும் மார்கிரட்டின் ஒரே மகள். தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயத்துப் பிள்ளை. அவள் பேசி முடித்ததும் தேநீர் ஊற்றிக் கொடுப்பவள் நான்.

சுவரில் ஒரு பாய்மரப் படகின் படம். 1851இல் 'அமெரிக்கா' என்ற படகு இங்கிலாந்தில் ஜெயித்த கோப்பைக்கு அந்தப் படகின் பெயரே நிலைத்தது என்று தொடங்குவாள். அதைப் பறிக்க வேறு நாட்டுப் படகுகள் வந்தன. தேயிலை வியாபாரி லிப்டன் துரை ஐந்து படகு விட்டு, ஐந்திலும் ஜெயித்துத் தங்கக் கோப்பை வாங்கினார் என்று முடிப்பாள். ஜெயித்தார் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. படத்தின் கீழே ஐந்து போட்டி, தங்கக் கோப்பை என்று மட்டும் இருந்தது. துரை ஒருவர் தோற்பார் என்று எங்களில் யாருக்குத்தான் தோன்றும்? எனக்கும் தோன்றவில்லை.

போன மாதம் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் சிரித்துக்கொண்டே திருத்தினார். ஐந்திலும் தோல்வியாம். முகம் கோணாமல் தோற்றதற்காக அமெரிக்க மக்களே காசு சேர்த்துக் கொடுத்த கோப்பையாம். கூட்டம் சிரித்தது. மேனேஜர் சிரிக்கவில்லை.

"இன்னொரு தடவ மானத்த வாங்குனா, நீயும் கூடையத் தூக்கிக்கிட்டு மலைக்குத்தான் போகணும்" என்றார், எல்லார் முன்னாலும். யூஜினாவின் முகம் செத்துப்போனது. எனக்கே கூசியது.

அன்று சாயந்திரம் வீட்டு வாசலில் மார்கிரட் மகளிடம் கேட்டாள்: "தோத்ததுக்கா தங்கத்துல குடுத்தாங்க?"

"ஆமாம்மா."

"நமக்குக் கொழுந்து ஒரு கிலோ கொறைஞ்சாலே அரைப்பேருதான் போடுறாங்க." பாதிச் சம்பளம் என்று அர்த்தம். கோபமே இல்லாமல் சொன்னாள்.

மறுநாள் சாயந்திரம் யூஜினா கதையைச் சரியாகச் சொன்னாள். தோற்ற துரைக்காகக் கூட்டம் கைதட்டியது. ஜன்னலுக்கு வெளியே கடைசிக் கொழுந்து எடை நடந்துகொண்டிருந்தது. அன்று முழுக்க மழை.

"மார்கிரட், அரைப்பேரு!" என்று கணக்கப்பிள்ளை கத்தினார்.

"அவர் என்ன சொல்கிறார்?" என்று ஒரு பெண் ஆங்கிலத்தில் கேட்டாள். மேனேஜர் பின்னால் நின்றார்.

"எடை சொல்கிறார்" என்றாள் யூஜினா. "வேறொன்றுமில்லை."

நனைந்த கூடையோடு மார்கிரட் ஜன்னல் வழியாக மகளைப் பார்த்துச் சிரித்தாள். யூஜினா பார்க்காத மாதிரி படகுப் படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.